விளம்பரத் தொழிலுக்கும் ஒரு குடிமராமத்து

நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய விளம்பர நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு மாதாமாதம் செய்யும் வேலைக்கும், தான் பிழைக்கும் ஊருக்கு அது செய்ய வேண்டிய பணிக்கும் என்ன தொடர்பு? இதுதான் இன்றைய பேச்சின் பொருள். ஊர்ப் பணி என்றால் லாபம் பார்த்த பிறகு மிச்சத்தில் செய்கிற தர்மம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். காவிரி டெல்டாவில் தொழில் செய்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கருத்து. ஊர்ப் பணி மாத வேலையின் ஒரு பகுதி. வாடிக்கையாளர் வேலைக்கு இருக்கிற தேதியும் பொறுப்பாளரும் கணக்கும் அதற்கும் இருக்க வேண்டும். நன்கொடையாகக் கொடுப்பதைவிட நம் கைத்திறனாகக் கொடுப்பதே சரி. இதை ஒவ்வொரு படியாக நிறுவ முயல்கிறேன்.

முதலில் மாத வேலை என்ன என்று பார்ப்போம். ஒரு ஜவுளிக்கடை, ஒரு நகைக்கடை, ஒரு பல் மருத்துவமனை, ஒரு தனியார் பள்ளி, ஒரு உரக்கடை, ஒரு திருமண மண்டபம். இப்படி எட்டுப் பத்து வாடிக்கையாளர்கள் மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள். அதற்கு ஈடாக முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் பதிவுகள், இரண்டு மூன்று ரீல்ஸ், வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாழ்த்துப் படம், கூகுள் வரைபடத்தில் கடையின் நேரத்தைச் சரிபார்ப்பது, உள்ளூர் கேபிளில் ஓடும் வரி, ஆட்டோவில் ஒலிபரப்பும் அறிவிப்பு, செய்தித்தாளுக்குள் வைத்துக் கொடுக்கும் பிட் நோட்டீஸ், ஃப்ளெக்ஸ். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிச் சேர்க்கை, ஆடியில் தள்ளுபடி, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், நடுநடுவே முகூர்த்தங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொலைபேசியில் கேட்டார்கள் என்று ஒரு அறிக்கை. ஒழுங்காக நடக்கிற நிறுவனத்தில் இந்த வேலைகளெல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். எது யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஒழுங்குதான் தொழிலின் முதுகெலும்பு. நான் பேசப்போவதும் இந்த அட்டவணையைப் பற்றித்தான்.

இந்த அட்டவணைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கடைக்காரர் கொடுக்கிறார். கடைக்காரருக்கு வாடிக்கையாளர் கொடுக்கிறார். டெல்டாவில் அந்த வாடிக்கையாளர் கையில் பணம் புரள்வது பெரும்பாலும் நெல்லைப் பொறுத்தது. மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்கு அதைத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. அன்று தண்ணீர் வந்தால் குறுவை நடவாகும், புரட்டாசி ஐப்பசியில் அறுவடையாகும், கொள்முதல் பணம் தீபாவளிக்கு முன் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். சம்பா பணம் பொங்கலை ஒட்டியும் அதற்குப் பின்னும் வரும். 2022-இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 2024-இல் போதிய இருப்பு இல்லாததால் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்த வயல்களில் குறுவை தள்ளிப்போனால், அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அந்தக் கிராமங்களிலிருந்து கடைவீதிக்கு வரும் கூட்டமும் குறையும். கடைக்காரர் முதலில் வெட்டும் செலவு விளம்பரச் செலவு. ஆக, குளிரூட்டிய அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற வடிவமைப்பாளரின் சம்பளமும், முழங்கால் சேற்றில் நாற்று நடுகிற பெண்ணின் கூலியும் ஒரே வாய்க்காலில் வருகின்றன. இது கவிதைக்காகச் சொல்வதல்ல. வரவு செலவுக் கணக்கில் தெரிகிற உண்மை.

இந்த மண்ணில் வாய்க்கால் தண்ணீரைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு கடமை இருந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் ஊரே இறங்கி வாய்க்காலைத் தூர்வாரும், கரையைப் பலப்படுத்தும். குடிமராமத்து என்ற அந்த வழக்கம் பணம் கட்டுவதல்ல, உழைப்பைத் தருவது. பழைய சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் அந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவமும் கொடுத்தது. விளம்பரத் தொழிலுக்கும் ஒரு வாய்க்கால் உண்டு. அச்சிட்டு வந்ததை, திரையில் தெரிந்ததை மக்கள் ஓரளவு நம்புகிறார்கள், நின்று படிக்கிறார்கள். அந்த நம்பிக்கையும் கவனமும்தான் நம் தொழிலுக்குப் பாசனம். அதை எந்த நிறுவனமும் தனியாக உண்டாக்கவில்லை. ஊர் தந்தது. எல்லோரும் அதில் இறைத்துக்கொண்டே இருந்து யாரும் தூர்வாராவிட்டால் அது மேடிட்டுப் போகும். பொய்த் தள்ளுபடிகளும் போலி மதிப்புரைகளும் மக்களை எதையும் நம்பாதவர்களாக ஆக்கிவிட்டால், உண்மையாக நல்ல சரக்கு விற்கிறவருக்கும் விளம்பரம் பயன்படாது. எனவே ஊர்ப் பணி என்பது நம் தொழிலின் பராமரிப்பு வேலை. அதைத் தர்மக் கணக்கில் எழுதுவது தவறான கணக்கு.

இந்தப் பராமரிப்பில் முதல் பாதி உண்மை சொல்வது. பாரம்பரிய நெல்லை எடுத்துக்கொள்வோம். கறுப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று அழகான பைகளில் அரிசி விற்கும் சிறு நிறுவனங்கள் டெல்டாவில் பெருகியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். அவர்களுக்கு லேபிள் எழுதுகிறவர்கள் நாம். ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று ஒரு வரி சேர்த்தால் விற்பனை கூடும் என்று வாடிக்கையாளர் கேட்கலாம். உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உரிமை கோருவதை 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. தவறான உணவு விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தவறான விளம்பரத்தைத் தண்டிக்கிறது. ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்துகிற பெரியவர் இதே ஊரில்தான் இருக்கிறார். வேகவைக்கும் நேரம், ஊறவைக்கும் நேரம், எந்த ஊர் வயல், எந்தப் பட்டம், எப்போது அரைத்தது என்று எழுதினாலே அந்தப் பைக்குப் போதுமான கதை இருக்கிறது. இப்படி எழுதுவது வாடிக்கையாளர் வேலை. அதுவே ஊர்ப் பணியும் ஆகிறது. இரண்டும் பிரியாத இடம் இது.

இரண்டாவது பாதி, காசு கொடுக்க முடியாதவர்களுக்கு நம் திறனைக் கொடுப்பது. அதற்கு நம் டெல்டாவே ஒரு பெரிய பாடம் நடத்தியிருக்கிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடித் தேடி 174 வரை மீட்டவர் அவர். 2018 டிசம்பரில் மறைந்தார். பிறகு தமிழ்நாடு அரசு மரபு நெல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தது. விளம்பரத் தொழிலில் இருக்கிறவர்கள் அந்தத் திருவிழாவை நம் தொழிலின் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். வந்த உழவருக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இந்த ஒரே விதியில் எல்லாம் இருக்கிறது. பொருளைக் கையில் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் செய்தாயிற்று. மறுபடி வருவதற்குக் காரணம் உண்டாக்கியாயிற்று. ஒருவர் மூலம் இருவருக்குப் பரவும் வழியும் அமைந்துவிட்டது. பங்கேற்றவர் வாங்குபவர் என்ற நிலையிலிருந்து பங்காளியாக உயர்ந்தார். இன்று பாரம்பரிய அரிசிக்கு நகரங்களில் ஒரு சந்தை இருக்கிறதென்றால், அதற்கு அடித்தளம் போட்டவற்றில் லாப நோக்கமில்லாத இந்தத் திருவிழா முக்கியமானது. ஊர்ப் பணியாகத் தொடங்கியது பல சிறு வியாபாரங்களுக்குப் பிழைப்பாயிற்று. அவற்றில் சில இப்போது நமக்கு மாதக் கட்டணம் தருகின்றன.

அப்படியானால் இன்று நம் அட்டவணையில் என்ன எழுதலாம்? இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். ஒன்று, நேரடி நெல் கொள்முதல் நிலையம். அறுவடை நேரத்தில் டெல்டா முழுவதும் இந்த நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து கிடக்கும். 40 கிலோ மூட்டை, 17 சதவீத ஈரப்பத வரம்பு, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் என்று பல நிபந்தனைகள். இணையத்தில் முன்பதிவு வேறு. மழை எந்த நேரமும் வரலாம் என்கிற பயத்தோடு ஒருவர் காத்திருக்கும்போது, ஒரு தாள் குறைந்ததற்காகத் திரும்பிப் போவது எவ்வளவு பெரிய இழப்பு! அரசு அறிவிப்பில் எல்லாத் தகவலும் இருக்கும். ஆனால் அது அலுவலக மொழியில் இருக்கும். அதைப் பெரிய எழுத்தில், படத்தோடு, ஒரே தாளில் கொண்டுவருவது நமக்கு ஒரு நாள் வேலை. ஒரு நிமிட ஒலிப்பதிவாக்கி வாட்ஸ்அப்பில் கிராமக் குழுக்களுக்கு அனுப்புவது இன்னொரு நாள். தண்ணீரைப் போலவே தகவலும் கடைமடைக்குக் கடைசியாகத்தான் போகிறது. அதைச் சீக்கிரம் கொண்டுசேர்க்கத் தெரிந்தவர்கள் நாம்.

மற்றொன்று, புவிசார் குறியீடு. தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர் வீணை, நெட்டி வேலை, சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்று நம் பகுதிக்குக் கிடைத்த குறியீடுகள் பல. 2025-இல் கும்பகோணம் வெற்றிலைக்கும் கிடைத்தது. செய்தி வந்த அன்று எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் குறியீடு கிடைத்ததும் விலை தானாக ஏறிவிடாது. குறியீட்டைப் பொருளின் மேல் முறையாகப் பயன்படுத்த, உற்பத்தி செய்கிறவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு வாங்குகிறவருக்கு அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். களிமண் அடியில் கனமாக இருப்பதால் சாய்த்தாலும் நிமிர்கிற பொம்மைக்கும், அதே வடிவத்தில் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைக்கும் என்ன வேறுபாடு என்று தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு யார் சொல்வார்கள்? வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவரிடம் விளம்பரத்துக்கு ஒதுக்கப் பணம் இல்லை. பொம்மை செய்கிற குடும்பத்திடமும் இல்லை. பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு லேபிள், ஒரு சிறு விளக்கச் சீட்டு, பதிவு விண்ணப்பத்துக்கு உதவி. இது ஒரு காலாண்டுக்குரிய ஊர்ப் பணி.

இது நம் கற்பனை மட்டுமல்ல, உலகம் செய்து பார்த்த வழி. அமெரிக்காவில் விளம்பர நிறுவனங்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், பொதுநலச் செய்திகளுக்காக ஒரு விளம்பர மன்றத்தை அமைத்தன. காட்டுத்தீயைத் தடுக்கச் சொல்லும் ‘ஸ்மோக்கி’ கரடி 1944-இல் அந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான். நம் நாட்டில் போலியோ சொட்டு மருந்து இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். அமிதாப் பச்சன் கோபமாகவும் உரிமையோடும் தாய்மார்களிடம் பேசிய விளம்பரங்களை மறக்க முடியுமா? மருந்து கொடுத்தவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் செய்ததில் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் பாதிப்பு பதிவாகவில்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. குஜராத்தின் அமுல் கூட்டுறவும் ஒரு பாடம். 1966-இல் தொடங்கிய அந்தப் புள்ளிச் சட்டைச் சிறுமி, பால் உற்பத்தியாளர்களுக்குச் சொந்தமான ஒரு பொருளைப் பெரும் நிறுவனங்களின் பொருள்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்க வைத்தாள். விடாமல் செய்த விளம்பர வேலை ஊருக்குச் சொத்தாக முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு மிக நியாயமானது. ‘ஐயா, எங்களுக்கே மாதச் சம்பளம் கொடுப்பது பாடாக இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் செய்யட்டுமே’ என்பது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடாத சிறு நிறுவனத்தை அது சாதாரணமாகக் கட்டுப்படுத்தாது. உண்மைதான். ஆனால் பெரிய நிறுவனத்தின் கொடை பள்ளிக்கு மேசை வாங்கித் தரும். கொள்முதல் நிலையத்துத் தாளை இந்த ஊர்ப் பேச்சில் எழுதித் தருமா? நான் பணம் கேட்கவில்லை. நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் மாதம் 25 வேலைநாள் என்றால் 100 ஆள்நாள். அதில் நான்கைக் கேட்கிறேன், ஆளுக்கு ஒரு நாள். கட்டணம் வராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளருக்காகவும், நான்காவது முறை மாற்றச் சொல்லும் வடிவமைப்புக்காகவும் நாம் இழக்கிற நாள்கள் இதைவிட அதிகம். அட்டவணை ஒழுங்காக இருந்தால் இந்த நான்கு நாளை மீட்டுவிடலாம்.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். பழைய குடிமராமத்தில் ஊர்க் கடமை என்று சொல்லிவிட்டு, மண் சுமக்கும் வேலையை நிலமற்ற கூலிகளின் தலையில் ஏற்றிய கொடுமையும் உண்டு. பயன் நிலக்காரருக்கு, பாரம் கூலிக்கு என்று ஆயிற்று. அது நம் அலுவலகத்திலும் நடக்கலாம். சமூக சேவை என்று பெயர் சூட்டி, புதிதாகச் சேர்ந்த பையனையும் பெண்ணையும் இரவு பத்து மணி வரை சம்பளமில்லாமல் உட்கார வைத்து, பாராட்டை மட்டும் முதலாளி வாங்கிக்கொள்வது சேவை ஆகாது. ஊர்ப் பணி வேலை நேரத்தில் நடக்க வேண்டும். சம்பளத்தோடு நடக்க வேண்டும். செய்தவர் பெயர் சொல்லப்பட வேண்டும். செலவு முதலாளியுடையதாக இருந்தால்தான் அது நிறுவனத்தின் பணி.

இரண்டாவது மறுப்பு, ‘இதுவும் ஒரு விளம்பரம்தானே, சேவை என்ற முகமூடிதானே’ என்பது. அந்தச் சந்தேகத்துக்கு நாம் இடம் கொடுத்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நீர்மோர்ப் பந்தலில் மோர்ப் பானையைவிடப் பத்து மடங்கு பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் சென்னையில் சாலையில் சரிந்த பேனரால் ஓர் இளம் பெண் பொறியாளர் உயிரிழந்த பிறகும் ஃப்ளெக்ஸ் மோகம் அடங்கவில்லை. நல்ல பெயர் கிடைப்பது குற்றமில்லை. நல்ல பெயருக்காக மட்டும் செய்தால் வேலை கெடும். பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டாலும் அந்தத் தாள் உழவருக்குப் பயன்படுமா? பயன்படும் என்றால் அது ஊர்ப் பணி. இல்லை என்றால் அதை வெளிப்படையாக விளம்பரச் செலவில் எழுதிக்கொள்ளலாம். மாத அறிக்கையிலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் கேட்காமல், எத்தனை பேர் தாள் குறையாமல் நிலையத்துக்குப் போனார்கள், எத்தனை குடும்பம் பயனாளராகப் பதிவு செய்தது என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, ‘இலவசமாகச் செய்தால் மதிப்பு இருக்காது; இன்று தாள் கேட்டவர் நாளைக்குக் கட்சிப் பேனர் கேட்பார்; உரக்கடை நமக்கு வாடிக்கையாளர், இயற்கை விவசாயிகளுக்கு வேலை செய்தால் கோபிப்பார்’ என்று மூன்றும் கலந்து வருவது. மூன்றுக்கும் மருந்து எழுத்தில் இருக்கிறது. ஊர்ப் பணிக்கும் வேலை ஆணை எழுதுங்கள். யார் கேட்டார், என்ன தருவோம், எத்தனை முறை திருத்துவோம், எந்தத் தேதியில் முடியும் என்று குறித்துவிடுங்கள். முடிந்ததும் வழக்கமான கட்டணத்துக்குப் பில் போட்டு, முழுத் தள்ளுபடி என்று எழுதிக் கொடுங்கள். எவ்வளவு மதிப்புள்ள வேலை என்று இரு தரப்புக்கும் தெரியும். கட்சி, சாதிச் சங்கம், தனிநபர் புகழ் ஆகியவற்றுக்குச் செய்வதில்லை என்று ஒரு வரி எழுதிச் சுவரில் மாட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லும் சங்கடத்தை அந்தச் சுவர் ஏற்றுக்கொள்ளும். உரக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கொள்முதல் நிலையத்துத் தகவல் அவருக்கும் நல்லது. நெல்லுக்குப் பணம் கிடைத்த உழவர்தானே அவருடைய கடன் பாக்கியைக் கட்டப்போகிறார்!

நான்காவதாக ஒன்று சொல்வார்கள்: ‘தகவல் கொடுப்பது அரசின் வேலை.’ ஆம், அரசின் வேலைதான். நாம் செய்வதால் அரசின் பொறுப்பு குறைந்துவிடக் கூடாது. அதனால் அலுவலகத்தோடு சேர்ந்து, அவர்கள் சரிபார்த்த தகவலை மட்டும் வெளியிட வேண்டும். தவறான ஈரப்பத அளவு ஒன்றை வேகமாகப் பரப்பிவிட்டால், அதைத் திருத்துவது பரப்பியதைவிடக் கடினம். அரசு தரும் செய்தியை ஊருக்குப் புரியும்படி சொல்வது நம் பங்கு. செய்தியே இல்லாதபோது ஏன் இல்லை என்று கேட்பது ஊரின் பங்கு, அதில் நாமும் உண்டு.

இதையெல்லாம் உங்களிடம் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் சென்னைக்குப் போய் விளம்பரத் தொழிலில் தொடங்கி, 1928-இல் ஆனந்த விகடனை வாங்கி, 1948-இல் ‘சந்திரலேகா’ படத்தை நாடெங்கும் பேச வைத்தார். அந்தக் காலத்தில் டெல்டாவின் திறமை பட்டணம் போய்த்தான் வளர வேண்டியிருந்தது. இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. கைப்பேசியும் கணினியும் இருந்தால் தஞ்சாவூர் கீழவாசலிலிருந்தும் மாநிலம் முழுவதும் விற்கலாம். ஊரிலேயே தங்க முடிகிற முதல் தலைமுறை விளம்பரக்காரர்கள் நீங்கள். தங்குகிறவர்களுக்குத் தங்கும் இடத்தின் மேல் கடமை உண்டு.

எனவே என் வேண்டுகோள் மூன்று. அடுத்த மாத அட்டவணையில், வாடிக்கையாளர் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து அதில் ஊர் என்று எழுதுங்கள். அந்த வரிக்கு ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கி, ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். குறுவை அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே கொள்முதல் தாளைத் தயாராக்கி, ஒன்றியத்துக்கு ஒரு நிறுவனம் என்று உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு செய்து பாருங்கள். ஆண்டு முடிவில், எந்த வாடிக்கையாளருக்கும் கொடுக்கிற அதே நேர்மையோடு, ஊருக்கும் ஓர் அறிக்கை கொடுங்கள். என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அதில் இருக்கட்டும். அப்படி ஊருக்குக் கணக்குச் சொல்கிற தொழிலின் சொல்லை ஊர் நம்பும். நம் தொழிலுக்கு அதற்கு மேல் மூலதனம் கிடையாது.